கீழே விழுந்த எலக்ட்ரானிக் தராசு

மளிகைக் கடையில் எலக்ட்ரானிக் தராசு கீழே விழுவது புதுமையல்ல. மூட்டை தூக்கி வரும் பையனின் தோள் இடித்து விழும்; வயர் காலில் மாட்டி விழும். எடுத்து மேசைமேல் வைத்து சுவிட்சைப் போட்டால் சைபர் காட்டுகிறது. "ஒன்றும் ஆகவில்லை" என்று வியாபாரத்தைத் தொடர்கிறோம். சங்கடம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

தட்டுக்கு அடியில் அலுமினியத் துண்டு ஒன்று உண்டு. லோடு செல் என்பது அதுதான். ஒரு முனை அடித்தளத்திலும் மறுமுனை தட்டின் சட்டத்திலும் முடுக்கப்பட்டிருக்கும். பாரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோக இழைகளில் மின்தடை மாறும். அந்த மாற்றத்தையே கிராமாகக் காட்டுகிறது தராசு. விழுந்த அதிர்ச்சியில் அந்தத் துண்டு சற்று வளைந்தே நின்றுவிட்டால், சுவிட்ச் போட்டதும் அந்த வளைவையே சைபர் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே சைபரை நம்பி நற்சான்று கொடுக்க முடியாது. (30 கிலோ தராசில் 50 கிலோ மூட்டையைத் தொப்பென்று போடுவதும் விழுந்ததற்குச் சமம்தான்.)

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள்; காற்றுக்கே எண்கள் ஓடும். கால்களைத் திருகி, நீர்மட்டக் குமிழை நடுவில் நிறுத்துங்கள். தட்டு எங்கும் உடம்பில் உரசக் கூடாது. உரசினால் எடை குறைத்துக் காட்டும். நாம் சரக்கை அள்ளி அள்ளிப் போடுவோம். கிலோவுக்கு 10 கிராம் அதிகம் போனால், நாளைக்கு 200 கிலோ நிறுக்கும் கடையில் 2 கிலோ. மாதம் 60 கிலோ, அதாவது ஒரு மூட்டைக்கு மேல். கூட்டிக் காட்டினால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு, நம் பெயருக்கும்தான்.

பிறகு முத்திரையுள்ள எடைக்கல்லை எடுங்கள். 30 கிலோ தராசானால் 10 கிலோ கல்லை நடுவிலும், பின் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். நடுவில் சரியாக இருந்து ஒரு மூலையில் மட்டும் மாறினால் லோடு செல்லோ சட்டமோ வளைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். கல்லைப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள்; எண் நகரக் கூடாது. எடுத்தால் சைபருக்குத் திரும்ப வேண்டும். விளக்கே எரியாவிட்டால் பெரும்பாலும் பேட்டரி வயர் கழன்றிருக்கும். அது சிறிய காரியம். காற்றில்லாமலே எண்கள் ஓடினால் லோடு செல் வயரோ, ஈரமோ காரணமாகலாம். காசிமேடு, எண்ணூர் பக்கத்து உப்புக் காற்றில் துருப்பிடித்த இணைப்புகள் ஓர் அடியிலேயே விட்டுப் போகும்.

பேரப்பிள்ளையின் கையடக்க வீடியோ கேம் விழுந்தால் ரிச்சி தெருவில் கொடுத்துத் திருகைக் கழற்றிப் பார்க்கலாம்; கேட்பாரில்லை. தராசு அப்படியன்று. முத்திரையை உடைத்துத் திறக்க, பழுது பார்க்க உரிமம் பெற்றவரைத்தான் அழைக்க வேண்டும். தெருவோடு போகிற மெக்கானிக் ஏதோ பட்டனை அழுத்தி நடு எடையைச் சரிசெய்துவிட்டுப் போவார். மூலை எடை மூலையிலேயே கிடக்கும்.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 1.4.2011 முதல் நடைமுறையில் உள்ளது. எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை தேவை. இடையில் பழுது பார்த்தால், கெடு மிச்சமிருந்தாலும் மறுமுத்திரை இட்ட பிறகே உபயோகிக்க வேண்டும். பழுது பார்த்தவரிடம் பில் வாங்கி, சான்றிதழுடன் கடையில் வையுங்கள். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வரும்போது கேட்பது அவற்றைத்தான்.

அதுவரை கடையை மூட வேண்டியதில்லை. பரணில் கிடக்கும் பழைய தட்டுத் தராசையும் எடைக்கல்லையும் விற்றுவிடாதீர்கள். அவற்றுக்கு 24 மாதத்துக்கு ஒரு முத்திரை போதும்.