தரப்புள்ளிச் சராசரி: கணக்கிடும் முறையும் அதன் விளைவும்

மதிப்பெண் பட்டியலை வாசித்துப் பொருள் கூறுவதும் போதகரின் வேலையோ என்று சிலர் வினவக்கூடும். சிற்றூர்ச் சபைகளில் பணியாற்றியோர் அவ்வாறு வினவமாட்டார்கள். கல்லூரியிலிருந்து வரும் தாள் முதலில் பெற்றோரின் கைக்கும், அடுத்துப் போதகரின் மேசைக்குமே வருகிறது. சென்ற ஆண்டு அவ்வாறு ஒரு மாணவி தம் தந்தையுடன் நம்மிடம் வந்தார். முதலாண்டின் முடிவில் சராசரி 7.00 இருந்தால் மட்டுமே அவருடைய உதவித்தொகை தொடரும். முதற்பருவத்தில் அவர் பெற்றது 7.50, இரண்டாம் பருவத்தில் 6.50. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 7.00 வருகிறது. கல்லூரி தந்த தாளிலோ 6.95 என்றிருந்தது. “கணக்கிலே பிழை, ஐயா, ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்” என்றார் தந்தை. நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

நம் தலைமுறையினர் பயின்ற காலத்தில் பெற்ற மதிப்பெண்களைக் கூட்டி, விழுக்காடு கண்டு, 60க்கு மேற்பட்டால் முதல் வகுப்பு என்றனர். இன்று அம்முறை பெரும்பாலும் மாறிவிட்டது. ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் முன்னரே கையாண்டு வந்த தரப்புள்ளி முறையை, பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் ஏனைய பல்கலைக்கழகங்களுக்கும் பரிந்துரைத்தது. இதில் ஒவ்வொரு தாளின் மதிப்பெண்ணும் ஓர் எழுத்துத் தரமாகவும், அத்தரம் ஒரு புள்ளியாகவும் மாற்றப்படுகிறது. ‘ஓ’ என்பதற்கு 10, ‘ஏ பிளஸ்’ 9, ‘ஏ’ 8, ‘பி பிளஸ்’ 7, ‘பி’ 6, ‘சி’ 5, தேர்ச்சி மட்டும் எனில் 4, தோல்வியுற்றாலும் தேர்வுக்கு வாராதிருந்தாலும் சுழி.

இவற்றுடன் ‘கிரெடிட்’ என்னும் பாட எடை சேர்கிறது. ஒரு பருவம் முழுவதும் வாரத்திற்கு ஒரு மணி நேர விரிவுரை ஒரு கிரெடிட். செய்முறைப் பயிற்சியாயின் இரண்டு மணி நேரத்திற்கு ஒன்று. ஒவ்வொரு தாளின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் அப்பருவத்தின் சராசரி கிடைக்கும். அதுவே எஸ்.ஜி.பி.ஏ. எனப்படுவது.

எடை எத்துணை வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். ஒரு பருவத்தில் ஆறு தாள்கள். நான்கிற்கு நந்நான்கு கிரெடிட், இரண்டிற்கு இவ்விரண்டு, ஆக 20. இரு மாணவர் 10, 9, 8, 7, 7, 6 என்னும் அதே ஆறு புள்ளிகளைப் பெறுகின்றனர் எனக் கொள்வோம். முதலாமவர் 10, 9 ஆகியவற்றைச் சிறு தாள்களில் பெற்றார். அவருடைய கூட்டுத்தொகை 150, சராசரி 7.50. மற்றவர் அவற்றைப் பெரிய தாள்களில் பெற்று, 8ஐயும் 6ஐயும் சிறு தாள்களில் பெற்றார். கூட்டுத்தொகை 160, சராசரி 8.00. கிரேக்க மொழி போன்ற பெரிய தாளை அஞ்சி ஒதுக்கிவிட்டு, எளிய சிறு தாள்களில் உழைப்பைச் செலவிடும் நம் மாணவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இதே விதி பருவங்களுக்கும் பொருந்தும். அம்மாணவியின் முதற்பருவத்தில் 20 கிரெடிட். இரண்டாம் பருவத்தில் 24. முன்னதில் 150 புள்ளி, பின்னதில் 156; ஆக 306. இதனை 44ஆல் வகுத்தால் 6.954, இரண்டு தசம இடங்களுக்குத் திருத்தினால் 6.95. கல்லூரியின் கணக்கில் பிழையில்லை. குறைவாகப் பெற்ற பருவம் கூடுதல் எடையுள்ள பருவமாக அமைந்துவிட்டது, அவ்வளவே.

தாள் திருத்தும் ஆசிரியர்கள் கருதவேண்டியது வேறொன்று உண்டு. எந்த மதிப்பெண்ணுக்கு எந்த எழுத்து என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே வகுத்துக்கொள்கிறது. 60 முதல் 69 வரை 7 புள்ளி, 70 முதல் 79 வரை 8 புள்ளி என ஓரிடத்தில் வகுத்திருப்பதாகக் கொள்வோம். சம எடையுள்ள ஐந்து தாள்களிலும் 69 பெற்றவரின் மொத்தம் 345, சராசரி 7.00. மூன்றில் 70உம் இரண்டில் 60உம் பெற்றவரின் மொத்தம் 330 மட்டுமே. ஆனால் சராசரி 7.60. குறைந்த மதிப்பெண் பெற்றவர் முன்னே நிற்கிறார்! விழுக்காட்டு முறையில் 69 எனினும் 70 எனினும் பெரிய வேறுபாடில்லை. இம்முறையிலோ அந்த ஒரு மதிப்பெண்ணில் ஒரு புள்ளி முழுவதும் அடங்கியுள்ளது. விடைத்தாள் ஓரத்தில் 69 என்று எழுதும் பேனா சிறிது நேரம் நிற்பது நன்று.

இனி, சராசரியை மீண்டும் விழுக்காடாக மாற்றுவதில் விளையும் குழப்பம். பலர் பத்தால் பெருக்குகின்றனர். சிலர் 9.5ஆல் பெருக்குகின்றனர், அது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பத்தாம் வகுப்பினர்க்கெனக் கூறிய எண், பட்டப்படிப்பிற்கு உரியதன்று. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வெளியிட்ட அட்டவணையோ 6.75க்கு 60 விழுக்காடு, 7.25க்கு 65 விழுக்காடு எனக் காட்டியது. ஆக 7.50 என்னும் ஒரே சராசரி 75 என்றும், 71.25 என்றும், 67.5 என்றும் மூவகையாய் நிற்கக்கூடும். ஆதலின் விண்ணப்பத்தில் நாமே பெருக்கி எழுதுதல் தகாது; பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் மாற்றுவிதியைக் கேட்டுப் பெற்று, அதனை இணைத்தல் வேண்டும். மேற்படிப்பிற்கு இங்கிலாந்து செல்ல விரும்புவோர் மற்றொன்றையும் அறிதல் நலம்: அங்கே 70 பெற்றாலே முதல் வகுப்பு, 60 பெற்றவர் இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவினர். முதலாண்டு மதிப்பெண்ணை இறுதிக் கணக்கில் சேர்க்காத பல்கலைக்கழகங்களும் அங்கே பல.

அம்மாணவிக்கு உதவித்தொகை நின்றுவிட்டது. தந்தை கேட்ட கடிதத்தை நாம் எழுதவில்லை. எழுதுவதற்கு அதில் ஒன்றுமில்லை. எனினும் உதவித்தொகை விதிகளை முழுவதும் வாசித்தபோது, பின்னொரு பருவத்தின் முடிவில் ஒட்டுமொத்தச் சராசரி 7.00ஐ எட்டினால் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. மூன்றாம் பருவத்தில் 22 கிரெடிட். ஆக மொத்தம் 66. அதற்கு வேண்டிய புள்ளி 462. கையிலிருப்பது 306. எஞ்சிய 156ஐ 22ஆல் வகுத்தால் 7.09. அந்த எண்ணை அவர் தம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொண்டார். எந்தெந்தத் தாள் நான்கு கிரெடிட் உடையது என்று தந்தை கேட்கத் தொடங்கினார்.