தலையில் அடிபட்ட கைதிக்கு "கோளாறு இல்லை" சர்ட்டிபிகேட்! சிக்கிய 2 டாக்டர்கள்

லாக்கப்பில் கைதியைப் பார்க்கப் போகும் டாக்டரின் பாடு தர்மசங்கடம்தான். கூப்பிட்டு அனுப்புவது போலீஸ். சம்பளம் கொடுப்பது சர்க்கார். நோயாளியோ கைதி. யார் பக்கம் நிற்பது?

தென் ஆப்பிரிக்காவில் 2 டாக்டர்கள் போலீஸ் பக்கம் நின்றார்கள். 30 வயது வாலிபரின் உயிர் போயிற்று.

அவர் பெயர் ஸ்டீவ் பைக்கோ. கறுப்பு இன மக்களின் தலைவர். அவரும் ஒரு காலத்தில் டாக்டருக்குப் படித்தவர்தான்!

1977 ஆகஸ்டு 18-ந் தேதி பைக்கோ கைது செய்யப்பட்டார். போர்ட் எலிசபெத் நகரில் நிர்வாணமாக அடைத்து வைக்கப்பட்டார். விசாரணையின்போது அவர் தலையில் பலத்த காயம்.

டாக்டர் வந்தார்

செப்டம்பர் 7-ந் தேதி காலை டாக்டர் லாங் வரவழைக்கப்பட்டார். கைதியின் உதடு கிழிந்து இருந்தது. பேச்சு குழறியது. நடை தள்ளாடியது. ஆனாலும் உடம்பில் கோளாறு எதுவும் காணவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார் லாங்!

மறுநாள் டாக்டர் டக்கரும் சேர்ந்து பார்த்தார். பிறகு முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதில் ரத்தம் கலந்து இருந்தது. அப்புறமும் லாக்கப்புக்கே திருப்பி அனுப்பினார்கள்.

11-ந் தேதி பைக்கோ வாயில் நுரை தள்ளிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்றார் டக்கர். போலீஸ் அதிகாரி முடியாது என்றார். டக்கர் அதோடு சரி!

ஜீப்பின் பின்னால் துணி இல்லாமல் கிடத்தி, 1,100 கிலோ மீட்டருக்கு மேல் உள்ள பிரிட்டோரியா ஜெயிலுக்குக் கொண்டு போனார்கள். கூட ஒரு நர்சு இல்லை. கேஸ் சீட்டு கூட இல்லை. 12-ந் தேதி பைக்கோ இறந்தார்.

"தெரியாது"

கோர்ட்டில் டக்கரை வக்கீல் மடக்கினார். போலீஸ் அதிகாரியின் முடிவை டாக்டர் மீறலாம் என்பதே தனக்குத் தெரியாது என்றார் டக்கர்.

கைதிக்கு என்ன சிகிச்சை என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், சித்ரவதைக்குத் துணை போகக்கூடாது என்று 1975-லேயே டோக்கியோவில் உலக மருத்துவ சங்கம் சொல்லிவிட்டது. தெரியாதாம்!

யார் மீதும் குற்றம் இல்லை என்று கோர்ட்டு கேசை முடித்தது. 1980-ல் மருத்துவ கவுன்சிலும் கையை விரித்தது. வேறு சில டாக்டர்கள்தான் விடவில்லை. கோர்ட்டுக்குப் போய், கவுன்சிலை விசாரிக்க வைத்தார்கள்.

1985-ல் தீர்ப்பு வந்தது. லாங்குக்குக் கண்டனம். டக்கரின் பெயர் டாக்டர்கள் பட்டியலில் இருந்தே நீக்கப்பட்டது.

1991-ல் டக்கர் மன்னிப்புக் கேட்டு மீண்டும் சேர்ந்தார். போலீசோடு பழகிப் பழகி, ஒரு டாக்டருக்கு இருக்க வேண்டிய துணிச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவிட்டதாக அப்போது அவர் ஒப்புக்கொண்டார்.