சாமுண்டி மலையும் இமயக் கணவாயும்: உயர்மலைச் சைக்கிள் பந்தயத்திற்கான ஆயத்தம்

மைசூர் நகரத்துச் சைக்கிள் வீரர்களுக்குச் சாமுண்டி மலை இயற்கை அளித்த பயிற்சிக்கூடமாகும். நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 770 மீட்டர் உயரத்திலும், மலையுச்சி சுமார் 1,060 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. இவ்வேற்றத்தில் நன்கு பழகிய இளைஞர் ஒருவர், இமயமலையின் சரளைப் பாதைகளில் நடைபெறும் பந்தயத்திற்குச் செல்ல விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். சாமுண்டி மலை அவருக்கு எதைக் கற்பிக்கும், எதைக் கற்பிக்க இயலாது என்பதை அவருடைய ஆசிரியர் அறிந்திருத்தல் அவசியம். பின்னது உயிரைப் பற்றிய விஷயமாகும்.

ஏற்றத்தின் கணக்கு

வீரரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோகிராம் எடை எனக் கொண்டால், 300 மீட்டர் ஏறுவதற்கு ஏறத்தாழ 2,35,000 ஜூல் வேலை செய்ய வேண்டும். அரை மணி நேரத்தில் ஏறினால், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டுமே 130 வாட் திறன் செலவாகிறது. லடாக்கிலுள்ள லே நகரத்தின் உயரம் சுமார் 3,500 மீட்டர். அதன் வடக்கேயுள்ள கார்துங் லா கணவாயின் உயரம் 5,359 மீட்டர். இடைப்பட்ட ஏற்றம் ஆறு சாமுண்டி மலைகளுக்குச் சமம். எனவே நாளொன்றுக்கு ஓரிரு முறை ஏறத் தொடங்கி, பல மாதங்களில் படிப்படியாக ஆறு முறைக்கு உயர்த்துவது தக்க பயிற்சியாகும்.

கியரும் டயரும்

முன் பல்சக்கரத்திலும் பின் பல்சக்கரத்திலும் 34 பற்களே இருப்பின், மிதிகட்டை ஒருமுறை சுழலும்போது சைக்கிள் சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்திற்கு 70 சுழற்சி வீதம் நூற்றுக்குப் பத்து சரிவில் ஏறினால், புவியீர்ப்புக்கு மட்டும் சுமார் 190 வாட் தேவைப்படும். இதை நெடுநேரம் தாங்குவது பலருக்கு அரிது. ஆகவே பின் பல்சக்கரத்தின் பற்கள் மிகுந்திருத்தல் நலம். சரளையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடிப்பிழந்து வழுக்கும். ஆசனத்தில் அமர்ந்தே மிதிக்கவும், அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டவும் பழக வேண்டும்.

மெலிந்த காற்று

காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் நூற்றுக்கு 21 பங்கே. ஆனால் உயரம் கூடுந்தோறும் அழுத்தம் குறைகிறது. கடல் மட்டத்து அழுத்தத்தில் மைசூரில் நூற்றுக்கு 92 பங்கும், லேயில் சுமார் 65 பங்கும், கார்துங் லாவில் பாதியளவும் உள்ளன. இதனைச் சாமுண்டி மலையில் எத்தனை முறை ஏறினும் பழக முடியாது. உடல்வலிமையும் இதற்குக் காப்பாகாது. நம் இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 போர்வீரர்களிடம் மலைநோயை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அவர்கள் ஆராய்ந்தவர்களோ திடகாத்திரமான போர்வீரர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

விமானத்தில் லே சேர்பவர் முதல் இரண்டு நாட்களேனும் முழு ஓய்வு கொள்ள வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதும், மூன்று நான்கு நாட்களுக்கொரு முறை ஓய்வெடுப்பதும் விதியாகும். மருந்து வேண்டுமாயின் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

உணவு

உயரத்தில் பசி மந்தப்படும். ஒரு லிட்டர் பிராணவாயுவைக் கொண்டு மாவுப்பொருளிலிருந்து சுமார் 5 கிலோகலோரியும், கொழுப்பிலிருந்து 4.7 கிலோகலோரியும் கிடைக்கின்றன. ஆதலின் காற்று மெலிந்த இடத்தில் மாவுப்பொருளே சிக்கனமானது. படைவீரர்களுக்கான உணவை ஆராயும் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் 1961-இல் மைசூரிலேயே நிறுவப்பட்டது என்பது இந்நகரத்தார் பெருமை கொள்ளத்தக்கது.

ஆசிரியர் கவனத்திற்கு

தலைவலியும் குமட்டலும் தோன்றினால் மேலே ஏறலாகாது. ஓய்வின்போதும் மூச்சுத்திணறல், விடாத இருமல், நடையில் தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவற்றில் எது காணப்படினும், தாமதமின்றிக் கீழே இறக்கிச் சிகிச்சை அளிக்க வேண்டும். பந்தயத்தினின்று விலகுவது தோல்வியன்று என்பதை, மாணவர் மைசூரை விட்டுப் புறப்படும் முன்பே ஆசிரியர் அவர் மனத்தில் பதியச் செய்தல் வேண்டும். நோய் மூளையைத் தாக்கிய பின் அம்முடிவை எடுக்கும் தெளிவு அவரிடம் இராது.