தங்கம் ஏன் தட்டின் அடியில் தங்குகிறது?

மாணவர்களே, ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் வழியாகக் கீழே இறங்கினால் ரவூப் நகரை அடையலாம். இன்று டுரியானுக்குப் பெயர்போன இச்சிறுநகர் ஒரு காலத்தில் தங்கம் தேடி வந்தவர்களால் நிறைந்திருந்தது. 1889-இல் வில்லியம் பிபி என்பவர் இங்குச் சுரங்க நிறுவனத்தைத் தொடங்கினார். 'ரவூப்' என்ற பெயரே, கையால் அள்ளுவதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வர்.

ஆற்று மணலை டூலாங் தட்டில் அள்ளி, நீரில் சுழற்றினால் மணல் வழிந்தோடும். தங்கம் அடியில் தங்கும். காரணம் அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் தங்கத்தின் பொருண்மை 19.3 கிராம், அதே கன அளவு குவார்ட்ஸ் 2.65 கிராம்தான்.

ஆழத்துப் பாறையை வெட்ட மின்சாரம் வேண்டும். அதற்காக 1900-இல் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் அமைத்தார்கள். நம் ரிங்லெட் ஏரி நீரும் மின்சாரம்தானே தருகிறது!

பாறைக்குள் ஒளிந்திருக்கும் நுண்ணிய தங்கத்தைத் தட்டால் பிரிக்க முடியாது. பெரும்பாலும் சயனைடு கரைசலில் கரைத்து எடுக்கிறார்கள். சயனைடு கொடிய நஞ்சு. ஆகவேதான், தங்கள் வீடுகளுக்கருகே அம்முறை வந்தபோது புக்கிட் கோமான் மக்கள் எதிர்த்தார்கள்.

ரவூப் சென்றால் பழைய கடைவீடுகளைப் பாருங்கள். கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளை மட்டும் நெருங்காதீர்கள். தங்கத்தின் விலையை நகைக்கடை சொல்லும். அதை எடுக்க ஆறும் ஊரும் கொடுத்த விலையை நாம்தான் கணக்கிட வேண்டும்.