மலை காத்தது, மலையைக் காத்தவர் யார்?

மேலூர்ச் சாலையில் மதுரைக்கு வேலைக்கு வரும் தோழர் நாள்தோறும் யானைமலையைக் காண்கிறார். படுத்திருக்கும் களிறு போன்ற அந்தப் பாறை எதற்குச் சாட்சி என்று எண்ணிப் பார்க்க உழைத்துக் களைத்தவருக்கு ஓய்வேது? அவருக்காகவே எழுதுகிறோம்.

நாட்டைக் காக்க மன்னர் மதில் எழுப்புவர். தமிழகத்துக்கோ இயற்கையே மதில் எழுப்பிற்று! மேற்கே வானளாவும் மலைத்தொடர். கிழக்கிலும் தெற்கிலும் கடல். வடக்கே வேங்கடம், அதற்கும் அப்பால் விந்தியம். அந்த அரணுக்குள் வைகைக் கரையில் வளர்ந்தது பாண்டியர் நாகரிகம். கீழடியைத் தோண்டினர்; செங்கல் கட்டடமும், எழுத்துப் பொறித்த பானை ஓடும் வெளிவந்தன. அங்கு கிடைத்த பொருளொன்று கி.மு. 580ஐச் சேர்ந்தது என 2019இல் அறிவித்தது தமிழகத் தொல்லியல் துறை.

கலிங்கத்தை வென்றவன் அசோகன். ஆனால் அவனது 2ஆம் பாறைக் கல்வெட்டே சோழரையும் பாண்டியரையும் எல்லைக்கு அப்பால் உள்ளவர் என்கிறது. அடிமைகள் அல்லர், அண்டை நாட்டார்! பாடலிபுத்திரத்து ஆணை பாண்டி நாட்டில் செல்லவில்லை.

மலை மட்டுமா காத்தது? ஒற்றுமையும் காத்தது. தமிழ் மன்னரின் கூட்டணியை உடைத்தேன் என்று அத்திகும்பா கல்வெட்டில் பெருமை பேசினான் கலிங்கத்துக் காரவேலன். உடைக்க ஒரு கூட்டணி இருந்தது என்பதற்கு அதுவே சான்று! அந்த ஒற்றுமை ஒழிந்தால் மலை என்ன செய்யும்? சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக அடித்துக்கொண்ட வேளையில், 1311இல், மாலிக் காபூர் மதுரைக்குள் நுழைந்தான். மலை பிளக்கவில்லை, மனம் பிளந்து கிடந்தது!

2024 நவம்பரில் மற்றொரு படையெடுப்பு. வாளில்லை, வேலில்லை, ஏலம்! மேலூர் வட்டாரத்தில், அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்களில், ஏறத்தாழ 5,000 ஏக்கரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது ஒன்றிய அரசு. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் பாண்டியர் குடைவரைக் கோயிலும் உள்ள மண் அது. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட மண்!

மக்கள் வாளாவிருந்தனரா? இல்லை. டிசம்பர் 9இல் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7இல் உழவர் திரண்டு மதுரை நோக்கி நடந்தனர். ஜனவரி 23இல் ஏலம் ரத்து!

அன்று மலை மக்களைக் காத்தது. இன்று மக்கள் மலையைக் காத்தனர். நாளை யானைமலையைக் கடக்கும்போது, தோழரே, ஒரு கணம் நின்று பாருங்கள். அந்த மதிலுக்குக் காவலர் நாம்தான். நாம் பிளவுபட்டால் அது வெறும் கல்!