வியாபாரியின் வேனும் ஒரு கடைதான்

கடை வாசலைத் தினமும் கூட்டித் துடைக்கும் நாம், சாமான் ஏற்றும் வாகனத்தை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். அந்த மறதிக்கு விலை கொடுத்தவன் என்ற வகையில் இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

புறக்கோட்டையில் புடவை எடுத்து மலையகப் பகுதிக் கடைகளுக்குக் கொடுப்பது எனது தொழில். ஒருமுறை மச்சான் கேட்டாரென்று கற்பிட்டியிலிருந்து இரண்டு மூட்டைக் கருவாட்டை அதே வேனில் ஏற்றி வந்தேன். மறுநாள் காலையில் அவசரமாக ஒரு கூட்டுக் கூட்டிவிட்டு, சாரன்களையும் சட்டைத் துணிகளையும் அடுக்கிக்கொண்டு கண்டிப் பக்கம் போனேன். பழைய வாடிக்கையாளர் ஒருவர் பார்சலைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தார்.

"நானா, சாமான் நல்லம். ஆனா இந்த வாடையோட நான் யாருக்கு விற்கிற?"

முழுப் பார்சலும் திரும்பி வந்தது.

கடையில் விற்கும் வாசனைப் போத்தல் ஒன்றை வாங்கி வேனில் தொங்கவிட்டேன். இரண்டு வாடையும் சேர்ந்து மூன்றாவது வாடையானதுதான் மிச்சம். கடைசியில் கைகொடுத்தது எங்கள் வீட்டுக் குசினிதான்.

வாடை போக

கருவாட்டு வாடைக்குக் காரணமானவை காரத்தன்மை கொண்டவை. வினாகிரியின் அமிலம் அதை அடக்கிவிடும். ஒரு பங்கு வினாகிரிக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து வேனின் தளத்தைத் துடைத்தேன். பின்னர் வெறுந்தண்ணீரால் கழுவிக் காயவிட்டேன். அமிலம் தங்கினால் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது. இருக்கைகளிலும் கால்விரிப்பிலும் அப்பச்சோடாவைத் தூவி, இரவு முழுக்க விட்டுக் காலையில் உதறி எடுத்தேன். வாடை பெருமளவு போய்விட்டது. மழைக்காலத்தில் கால்விரிப்புக்கு அடியில் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து, நனைந்ததும் மாற்றினால் பூஞ்சண வாடை வராது.

கண்ணாடியும் வெளிப்புறமும்

தண்ணீர் கலந்த அதே வினாகிரியைக் கண்ணாடியில் தெளித்து, கசக்கிய பத்திரிகைத் தாளால் துடைத்தால் பளிச்சென்று இருக்கும். கருநிறப் படலம் ஒட்டிய கண்ணாடிக்கு அமோனியா கலந்த திரவங்களைப் பாவிக்க வேண்டாம், படலம் பழுதாகிவிடும்.

வெளிப்புறத் தூசியை ஒருபோதும் உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். மணல் துகள்கள் பெயின்டைக் கீறிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்குங்கள். பிறகு இரண்டு வாளிகள் போதும். ஒன்றில் சவர்க்கார நீர், மற்றையதில் துணியை அலசுவதற்கு நல்ல தண்ணீர். மேலிருந்து கீழாகக் கழுவி, டயர்களைக் கடைசியில் கழுவுங்கள். வுழூச் செய்யும்போதும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று படித்த நாம், குழாயைத் திறந்துவிட்டு வேன் கழுவலாமா?

காகத்தின் எச்சம் பெயின்டை அரிக்கும். ஈரத் துணியைச் சற்றுநேரம் அதன்மேல் போட்டு, ஊறியதும் எடுத்துவிடுங்கள். ஒட்டிய தாருக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, இளகியதும் துடைத்துக் கழுவுங்கள். ஆனால் அந்த எண்ணெயை டாஷ்போர்டில் மினுக்கத்துக்காகப் பூச வேண்டாம். தூசி ஒட்டும், வெயிலில் கண்ணும் கூசும். பாத்திரம் கழுவும் திரவத்தையும் தவிருங்கள். அது பெயின்டின் மேலுள்ள மெழுகை நீக்கிவிடும். கடலோர ஊர்களில் உள்ளவர்கள் வாகனத்தின் அடிப்பகுதியையும் கழுவ வேண்டும். உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்காது.

இருக்கைக்கு அடியில் கிடந்தது

அன்று இருக்கைக்கு அடியைச் சுத்தம் செய்தபோது கசங்கிய துண்டொன்று அகப்பட்டது. கடைக்காரர் ஒருவர் வழியில் தந்த ஐயாயிரம் ரூபாவை நானே குறித்துவைத்த துண்டு. கணக்குப் புத்தகத்தில் அது ஏறவில்லை. அந்தப் பணத்தை அவரிடம் இரண்டு தடவை கேட்டும் இருந்தேன். அவர் மரியாதைக்காக வாக்குவாதப்படாமல் இருந்திருக்கிறார். உடனே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். கருவாட்டு வாடையைவிட அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து மூடியுள்ள பிஸ்கட் டின் ஒன்று வேனில் இருக்கிறது. பில், காசோலை, துண்டு எல்லாம் அதற்குள்தான். ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பிறகு அதைத் திறந்து கணக்கில் ஏற்றிவிடுவேன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. கையிலுள்ள வாகனத்தின் அருமையை அந்தக் காலம் எமக்கு நன்றாகவே காட்டியது. சுத்தமாக வைத்திருக்கும் வாகனம் விற்கும்போதும் நல்ல விலை போகும்.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு அரை மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். சுத்தத்தை ஈமானோடு சேர்த்துப் பேசும் சமூகம் நாம். எமது வாகனமும் அதற்குச் சாட்சி சொல்லட்டும். அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.