சட்ஜமம் இல்லாத பாட்டு



சென்ற மாத நிகழ்ச்சியில் ஐரோப்பிய வயலின் இசை ஒன்றை இரண்டு நிமிடம் ஒலிபரப்பியிருந்தேன். மறுநாள் கோயிலில் ஒரு அம்மா கேட்டார்: "என்ன தம்பி, நேற்றுப் போட்ட பாட்டுக்குச் சுருதியே இல்லையே! தம்புரா வைக்க மறந்துவிட்டார்களா?" அவர் காது சரியாகத்தான் பிடித்திருந்தது. அந்த இசையில் சட்ஜமம் கிடையாது. அதை விளக்கி நாலு நிமிட வீடியோக்களை நம் பிள்ளைகளுடன் சேர்ந்து எடுத்து வருகிறோம். அதைப் பற்றித்தான் இந்த மாதப் பேச்சு.

முதலில் நம் கணக்கைப் பார்ப்போம். ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டைகள். நம் சங்கீதத்திலும் சுரஸ்தானங்கள் 12. இவற்றைக் கொண்டு 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். எந்த மேளத்தை எடுத்தாலும் 7 சுரம் உள்ளே, 5 சுரம் வெளியே. எங்கே சுற்றினாலும் கடைசியில் 'ச'வுக்குத் திரும்ப வேண்டும்.

வியன்னாவில் 1874இல் பிறந்த ஆர்னல்ட் ஷோன்பெர்க் 1920களில் வேறொரு வழி கண்டார். 12 சுரமும் சமம், எதுவும் தலைவர் அல்ல. 12ஐயும் ஒரு வரிசையில் நிறுத்த வேண்டும். மற்ற 11 சுரங்களுக்கும் முறை வரும் வரை ஒரு சுரம் மறுபடி தலை காட்டக் கூடாது. இது அடிப்படை விதி. அந்த வரிசையை நேராக வாசிக்கலாம், பின்னாலிருந்து வாசிக்கலாம். ஏறும் இடத்தில் அதே அளவு இறங்கித் தலைகீழாக்கலாம், அந்தத் தலைகீழையும் பின்னாலிருந்து வாசிக்கலாம். இந்த நான்கு வகையையும் 12 கட்டைகளில் எதிலிருந்தும் தொடங்கலாம். ஆக 48 வடிவங்கள்.

கணக்கர் புத்தி போகுமா? முதல் வீடியோவில் 12க்கு 12 கட்டம் போட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு முழு நேரமும் விளக்கினேன். பார்த்த ஒரு பையன், "அங்கிள், பாட்டு எப்போ வரும்?" என்றான். சரக்கைக் காட்டாமல் பேரேட்டை மட்டும் காட்டியிருக்கிறேன்! அதைத் தள்ளிவிட்டு, முதலில் ஒலி, பிறகு விளக்கம், கடைசியில் அட்டவணை என்று மாற்றினோம்.

இரண்டாவது வீடியோவுக்கு ஷோன்பெர்க்கின் மாணவர் ஆல்பன் பெர்க்கின் வயலின் கன்சர்ட்டோவை எடுத்துக்கொண்டோம். நான் ஒலிபரப்பியதும் அதுதான். வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் அதன் வரிசையை வாசித்துப் பாருங்கள் (1 தாழ்ந்தது, 2 உயர்ந்தது):

ச, க1, ப, நி2, ரி2, ம1, த2, ரி1, க2, ம2, த1, நி1

12ம் ஒரு முறைதான் வந்திருக்கின்றன, எண்ணிக்கொள்ளுங்கள். இதில் 1, 3, 5, 7ஆம் சுரங்கள் மேல்நாட்டு வயலினின் நான்கு வெறும் தந்திகள். கடைசி நான்கையும் தனியாக வாசியுங்கள். அந்த க2வைச் சட்ஜமமாக நினைத்தால் அவை கல்யாணியின் ச, ரி, க, ம! 'போதும்' என்று தொடங்கும் ஒரு பழைய தேவாலயப் பாட்டின் முதல் நான்கு சுரங்களும் இதே படியில் ஏறுகின்றன. பாக் ஒத்திசைவு அமைத்த அந்தப் பாட்டைப் பெர்க் கடைசிப் பகுதியில் அப்படியே கொண்டுவருகிறார். 1935இல் 18 வயதில் இளம்பிள்ளை வாதத்துக்குப் பிறகு இறந்த மனோன் குரோப்பியஸ் என்ற பெண்ணின் நினைவாக எழுதியது இது. அதே ஆண்டு டிசம்பர் 24இல் பெர்க்கும் இறந்துவிட்டார். 1936 ஏப்ரலில் பார்சிலோனாவில் முதன்முதலாக அரங்கேறியபோது அதைக் கேட்க அவர் இல்லை.

ஷோன்பெர்க்கும் அகதிதான். யூதர் என்பதால் 1933இல் பெர்லின் வேலையை இழந்து, பாரிஸ் வழியாக அமெரிக்கா போனார். 1951இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறக்கும் வரை ஊர் திரும்பவில்லை. 1942இல் ரங்கூனிலிருந்து நடந்தவர்களும் 1964க்குப் பின் கப்பலேறியவர்களும் நம் குடும்பங்களில் உண்டு. அதனால் பிள்ளைகளுக்கு இந்தக் கதை உடனே பிடிபட்டது. "ஊரை இழந்ததால் சட்ஜமத்தையும் விட்டுவிட்டார்" என்று ஒரு பெண் வீடியோவுக்கு வசனம் எழுதி வந்தாள். எனக்கே கண் கலங்கியது. ஆனாலும் தேதியைப் பார்க்கச் சொன்னேன். இந்த முறையை அவர் மாணவர்களுக்கு விளக்கியது 1923இல். ஊரை இழந்தது பத்து வருடம் கழித்து. அழகான வசனம்தான், கணக்கில் நிற்கவில்லை, எடுத்துவிட்டோம். நாம் பட்டதை வைத்து அடுத்தவர் கதையைத் திருத்தக் கூடாது அல்லவா? அதற்குப் பதிலாக நடந்ததையே சொன்னோம். போன இடத்திலும் அவர் அந்த முறையை விடவில்லை. 1947இல் 'வார்சாவில் உயிர் தப்பியவன்' என்ற படைப்பின் முடிவில் யூதர்களின் பழைய பிரார்த்தனையை அதே பன்னிரு சுர முறையில் ஆண்கள் குழு பாட வைத்தார்.

நீங்களும் எடுக்க விரும்பினால்: ஒரு வீடியோவில் ஒரே விஷயம் போதும். இசைத்தட்டில் வாசித்தவர்களுக்குத் தனி உரிமை உண்டு, ஆகவே நீங்களே வாசியுங்கள். ஆண்டுகளை இரண்டு முறை சரிபாருங்கள். மின்சாரம் இருக்கும்போதே கைபேசியை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவுக்கும் கடைசி நான்கு சுரத்தை வாசித்துக் காட்டினேன். "கல்யாணி மாதிரி வருதே!" என்றவர், முழு வரிசையையும் வாசித்ததும், "அதற்குள் எங்கே போய்விட்டது?" என்றார். அந்தக் கேள்வியிலிருந்துதான் மூன்றாவது வீடியோ தொடங்குகிறது.

அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.